மாப்பிள்ளைக்குப் போட்ட மார்க்

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. எவனுடைய லாரி ரிப்பேரில் நிற்கிறதோ அவனைத்தான் பயிற்சி வகுப்புக்கு அனுப்புவார்கள். லாரி நன்றாக ஓடுகிறவனை அனுப்பமாட்டார்கள். அவன் வகுப்பில் உட்கார்ந்துவிட்டால் கல்லை யார் ஏற்றுவது என்று ஷிப்ட் பார்க்கிறவர் கேட்பார். நியாயமான கேள்விதான். அதனால் என் வகுப்புக்கு வருகிறவர்கள் எப்போதும் ஒரே ஆட்களாகவே இருந்தார்கள். லாரியைக் கெடுத்தவர்கள், லாரி தானாகக் கெட்டுப்போனவர்கள், கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிக்கொண்டவர்கள். வகுப்பறையில் ஏசி உண்டு, மத்தியானம் பொட்டலச் சாப்பாடு உண்டு. முன்வரிசையில் உட்கார்ந்தவர்களே கூச்சமில்லாமல் தூங்கினார்கள்.

நான் அந்தக் கம்பெனியின் பயிற்சி அலுவலர். அரியலூரைச் சுற்றியுள்ள சுரங்கங்களில் சுண்ணாம்புக்கல்லை டிப்பர் லாரிகளில் ஏற்றி, சிமெண்டு ஆலைகளில் கொண்டுபோய்க் கொட்டுகிற ஒப்பந்தக் கம்பெனி. பெயர் வேண்டாம். பாலிடெக்னிக் முடித்து, ஓசூரில் லாரி செய்கிற தொழிற்சாலையில் பல வருஷம் இருந்துவிட்டு, அப்பா போன பிறகு அம்மாவைத் தனியாக விட முடியாமல் ஊர் திரும்பினேன். நேர்காணலில் மேனேஜர் என் படிப்பைப் பார்க்கவில்லை. ஊர்ப் பெயரைத்தான் பார்த்தார்.

“இங்க ஓட்டுறவங்க பூரா உங்க பக்கத்து ஆளுங்கதானே சார்?”

“ஆமாங்க. முக்கால்வாசிப் பேரு சொந்தம்தான்.”

“அதான் வேணும். இதுக்கு முன்னாடி இருந்தவரு வெளியூரு. அவரு சொன்னா ஒருத்தனும் கேக்கல. நீங்க சொன்னா கேப்பாங்க.”

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. உள்ளூர்க்காரன் சொன்னால் கேட்பார்கள் என்பது எப்பேர்ப்பட்ட பொய் என்று தெரிந்துகொள்ள எனக்கு முதல் வகுப்பே போதுமானதாக இருந்தது.

சுரங்கத்துக்கு நிலம் போன வீடுகளிலிருந்து வீட்டுக்கு ஒருவர் என்று வேலைக்கு எடுத்திருந்தார்கள். ஆகவே வகுப்பு ஒரு கல்யாணப் பந்தி மாதிரி இருந்தது. முதல் பெஞ்சில் பெரியப்பா முறை, அவருக்குப் பக்கத்தில் மாமன் முறை, பின்னால் இரண்டு மச்சான்கள், ஜன்னலோரம் ஒரு பங்காளி. பெரியப்பா உள்ளே நுழைந்தபோது நான் மரியாதைக்கு எழுந்து நிற்க முடியவில்லை, ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன். ஆனால் போர்டில் எழுதிக்கொண்டிருந்த கை தானாகக் கீழே இறங்கிவிட்டது.

“ஏர் பிரேக் எப்புடி வேலை செய்யுதுன்னு யாராச்சும் சொல்லுங்க பாப்பம்” என்று ஆரம்பித்தேன்.

“அது கெடக்கட்டும். ஒங்கம்மாவுக்கு முட்டிவலி எப்புடி இருக்கு?” என்றார் பெரியப்பா.

சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். அதற்கு எந்தத் தைலம் தேய்க்க வேண்டும் என்று பின்வரிசை சொன்னது. அது சரியில்லை, ஜெயங்கொண்டத்தில் ஒரு டாக்டர் இருக்கிறார் என்று ஜன்னலோரம் சொன்னது. அன்றைய வகுப்பு முட்டிவலியிலேயே முடிந்தது.

வெளியூர்க்காரனாக இருந்திருந்தால் ‘நீ செய்றது தப்பு’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். மாமன் முறை ஆளிடம் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது. ‘அப்படியும் செய்யலாம் மாமா, இப்படிச் செஞ்சா இன்னும் நல்லது’ என்றுதான் இழுக்க வேண்டும். இருக்கிறதே நன்றாக இருக்கும்போது இன்னும் நல்லது எவனுக்கு வேண்டும்? தலையை ஆட்டிவிட்டுச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு போய்விடுவார்கள். வருஷக் கடைசியில் தலைமை ஆபீசுக்கு நான் அனுப்பிய கணக்கில் எல்லாரும் பயிற்சி பெற்றவர்கள்தான்.

என் சித்தப்பா மகன் ஒருத்தன் அங்கே இருந்தான். எனக்குத் தம்பி முறை. கம்பெனியிலேயே பழைய லாரி அவனுடையது, பாதி நாள் ஷெட்டில்தான் நிற்கும். ஆகவே அவன்தான் என் நிரந்தர மாணவன். கடைசி பெஞ்சில் சுவரோடு தலையைச் சாய்த்து வாயைத் திறந்துகொண்டு தூங்குவான். தட்டினால் கண்ணைத் திறக்காமலே, “கேட்டுக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்” என்பான். அவனைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் வகுப்புக்கு ஒரு தடவைகூட வராதவர் என் மாப்பிள்ளை. என் தங்கையின் புருஷன். குன்னம் பக்கத்தில் வீடு. மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போட்டுக்கொண்டிருந்த குடும்பம். மழை ஏமாற்றிய ஒரு வருஷம் டிராக்டரிலிருந்து இறங்கி டிப்பரில் ஏறினார். நான் சேர்வதற்கு முன்பே அவர் அங்கே இருந்தார். அவர் லாரி ரிப்பேருக்கு நின்று நான் பார்த்ததில்லை. காலையில் வந்ததும் கண்ணாடியைத் துடைத்து, டயரைத் தட்டிப் பார்த்து, வண்டியைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் ஏறுவார். நல்ல டிரைவர். இன்றைக்கும் யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

அவரிடம் ஒரே ஒரு பழக்கம் இருந்தது. இறக்கத்தில் நியூட்ரலில் விடுவார். சுரங்கக் குழிக்குள் காலி லாரி இறங்குகிற பாதை நீளமானது. கியரில் வைத்து இறக்கினால் எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் தள்ளிவிட்டால் வண்டி தானாக உருளும், டீசல் மிச்சம். ஆனால் அப்போது பிடிப்பதற்கு பிரேக்கைத் தவிர வேறு எதுவும் இல்லை. நாள் பூராவும் பிரேக்கையே மிதித்தால் அது சூடேறும். சூடேறிய பிரேக் ஒருநாள் பிடிக்காமல் போகும். அந்த ஒருநாள் எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது.

இது தெரியாமல் யாரும் செய்யவில்லை. டீசல் மிச்சம் பிடிக்கிற டிரைவருக்கு எங்கள் கம்பெனி மாதாமாதம் மேடை போட்டுப் பரிசு கொடுத்தது. மாப்பிள்ளை ஒரு பெரிய குக்கர் வாங்கியிருந்தார். ஒரு பக்கம் வகுப்பறையில் நான், நியூட்ரலில் இறக்காதீர்கள் என்று படம் போட்டுக் காட்டுகிறேன். இன்னொரு பக்கம், நியூட்ரலில் இறக்குகிறவனுக்கு அதே கம்பெனி சால்வை போர்த்தி குக்கர் கொடுக்கிறது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கதை. மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

“டீசல் ஹெட் ஆபீஸ் விஷயம் சார். பயிற்சி உங்க விஷயம். ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க” என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் குக்கரில் வைத்த சோறுதான். பேச்சோடு பேச்சாக, “அப்புடியும் இறக்கலாம் மாப்ளே, கியர்ல வச்சு இறக்குனா இன்னும் நல்லது” என்றேன்.

அவர் சிரித்தார். “மச்சான் ஓசூர்ல லாரி செஞ்சாரு. நாங்க இங்க அத ஓட்டுறோம்” என்றார். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

தங்கை மட்டும் கரண்டியோடு நின்றாள். “நியூட்ரல்னா என்னாண்ணே?”

“வண்டி இறக்கத்துல போறப்ப மாட்ட அவுத்து வுட்டுட்டு, வண்டிய மட்டும் உருட்டி வுட்டா எப்புடி இருக்கும்? அது மாதிரி.”

“அப்ப எது புடிக்கும் வண்டிய?”

“பிரேக்கு மட்டுந்தான்.”

அவள் புருஷனைப் பார்த்தாள். “சோத்தப் போடு” என்றார் அவர். அவள் போட்டாள்.

அப்போது அவர்களுக்கு ஒரே பெண் குழந்தை. நடக்க ஆரம்பித்து, பேச ஆரம்பித்து, ஓயாமல் பேசுகிற பருவம். எனக்குப் பிள்ளை இல்லை. நானும் மனைவியும் பார்க்காத டாக்டர் இல்லை, வேண்டாத சாமி இல்லை. அதைப் பற்றி இங்கே மேலே சொல்ல விருப்பமில்லை. தங்கை மகள் என்னைப் பார்த்தால் ஓடிவந்து மடியில் ஏறி, சட்டைப் பையிலிருக்கிற பேனாவை எடுத்து என் உள்ளங்கையில் கிறுக்குவாள். கை கழுவும்போது அந்தக் கிறுக்கலை நான் தேய்த்துக் கழுவியதில்லை.

அவளுக்கு வைகாசியில் செட்டிகுளம் மலைக்கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாகப் பேசி வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது. என் தங்கைக்கு நான் ஒரே அண்ணன். வேறு மடிக்கு வழியில்லை. பெரம்பலூரில் கடை கடையாக ஏறி இறங்கி, கடுகளவு சிவப்புக்கல் வைத்த ஒரு ஜோடித் தோடு வாங்கினேன். வாங்கிய அன்று மனைவி அதைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சொந்தப் பிள்ளை இல்லாதவனுக்கு ஒரு பிள்ளையை ஊரறிய மடியில் வைத்துக்கொள்ளக் கிடைக்கிறது ஒரே ஒரு காலைப் பொழுது. எனக்கு அது போதும் என்றிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி புது டிப்பர்கள் வாங்கியது. பழையதைவிடப் பெரியது, எடை கூட ஏற்றலாம். ஓட்டித் தேறியவர்களுக்குத்தான் புது வண்டி, அவர்களுக்குச் சம்பளத்தில் ஒரு படி கூட என்று தலைமை ஆபீஸ் உத்தரவு போட்டது. பயிற்சி அலுவலர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்து, தேறினார், தேறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வேலியில் போன ஓணானை எடுத்து என் வேட்டிக்குள் விட்டார்கள்.

தேர்வுக்கு முந்தின நாள் தங்கை போன் செய்தாள்.

“அவருக்கு நாளைக்காமே. கூடக் கொறைய இருந்தா பாத்துக்கண்ணே.”

“அவருக்கு என்ன, நல்லா ஓட்டுவாரு. இறக்கத்துல கியர்ல வைக்கச் சொல்லு, போதும்.”

“நான் சொன்னா கேப்பாரா? நீயே சொல்லு” என்று சிரித்தாள்.

எல்லாரையும் ஓட்டச் சொல்லிப் பார்த்தேன். பெரியப்பா கியரில் வைத்து அழகாக இறக்கினார். மாமன்மார்கள், மச்சான்மார்கள், அத்தனை பேரும் கியரில்தான் இறக்கினார்கள். நான் இறங்கிய மறுநிமிஷம் நியூட்ரலில் தள்ளியிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? இருந்தாலும் தேர்வு என்று மதித்து, அந்த ஒரு நடைக்கு நடித்தார்கள். என் வகுப்பில் வருஷம் பூராவும் தூங்கிய தம்பிகூட நன்றாகவே நடித்தான். “கேட்டுக்கிட்டுத்தாண்ணே இருந்தேன்” என்று வேறு சொன்னான். அவனுக்குத் ‘தேறினார்’ என்று எழுதினேன்.

மாப்பிள்ளை நடிக்கவில்லை. ஏறும்போதே, “வாங்க மச்சான், குளுந்த காத்துல ஒரு ரவுண்டு போயிட்டு வருவம்” என்றார். இறக்கம் ஆரம்பித்தது. கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, ஒரு கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு காதுகுத்து பற்றிப் பேச ஆரம்பித்தார். சமையலுக்கு யாரைச் சொல்லலாம், மலை மேலேயே சாப்பாடு போடலாமா, கீழே மண்டபத்தில் வைக்கலாமா என்று. வண்டி வேகம் எடுத்தது. அவர் பிரேக்கை மிதித்தார், விட்டார், மறுபடி மிதித்தார்.

“கியர்ல வைங்க மாப்ளே.”

“வண்டி நம்ம சொன்னபடி கேக்கும் மச்சான், நீங்க பேசாம வாங்க.”

“தேர்வு மாப்ளே இது.”

“யாருகிட்ட தேர்வு? ஒங்ககிட்டதானே.”

குழியின் அடியில் நின்றபோது பிரேக் கருகின வாடை வண்டிக்குள் வந்தது. அவருக்கு அது வாடையாகவே படவில்லை. நான் இறங்கி முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனேன். அடுப்புக்கு எதிரில் நீட்டின மாதிரி இருந்தது. இதே வண்டியில் பாரம் ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும் ரோட்டில் பள்ளிக்கூடம் இருக்கிறது, சந்தை இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை. தங்கை கரண்டியோடு நின்றது மட்டும்தான் தோன்றியது. வேறு யாராவதாக இருந்தால் போகிறான் என்று விட்டிருப்பேனோ என்னவோ. அவர் என் தங்கை புருஷன் என்பதால்தான் என்னால் விட முடியவில்லை.

‘தேறவில்லை. மீண்டும் பயிற்சி தேவை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதை அவர் எதிரிலேயே எழுதினேன். சாவியை என் கையில் கொடுக்காமல் சீட்டின் மேல் வைத்துவிட்டு நடந்து போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய அப்பாவும் பெரியப்பாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தொடவில்லை. எங்கள் பக்கத்தில் சம்பந்தி வீட்டுக்கு வந்து தண்ணீர் தொடாமல் உட்கார்ந்தால் மேற்கொண்டு பேசவே வேண்டியதில்லை. இருந்தாலும் பேசினார்கள்.

“ஊரான் ஃபெயிலு போட்டா அது மார்க்கு. போவுதுன்னு வுட்டுருவம். மச்சானே போட்டா அதுக்குப் பேரு வேற” என்றார் அவருடைய அப்பா.

“பிரேக்கு சூடேறிப் போச்சு மாமா. ஒரு வாரம் என்கூட ஓட்டுனாருன்னா நானே...”

“பொண்ணு எடுத்த வூட்டுல போயி எம் மவன் வண்டி ஓட்டக் கத்துக்கணுமா?”

எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை. ஓசூரில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவன் என்னைவிடச் சின்னவன், யார் வீட்டுப் பிள்ளை என்றே தெரியாதவன். வாயில் வந்தபடி திட்டுவான். திட்டு வாங்கிக்கொண்டு கற்றுக்கொண்டேன், சாயங்காலம் சேர்ந்து டீ குடித்தோம். இங்கே ஒருவருக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுப்பதென்றால் முதலில் அவருக்கு அது தெரியாது என்று ஆகிவிடுகிறது. பெண் எடுத்தவருக்குத் தெரியாது, பெண் கொடுத்தவனுக்குத் தெரியும் என்று ஆனால் தலைகீழ். அந்தத் தலைகீழைத் தாங்குகிற குடும்பம் எங்கள் ஜில்லாவில் இல்லை.

அவர்கள் போன பிறகு மனைவி சொம்பை எடுத்துக்கொண்டே கேட்டாள். “தேறினாருன்னு எழுதியிருந்தா ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும்?”

தங்கையைப் போனில் பிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. எடுத்தாள். அழுகை இல்லை, கோபமும் இல்லை.

“நீ ஓசூர்லயே இருந்துருக்கலாம்ணே” என்றாள். வைத்துவிட்டாள்.

இவ்வளவுக்குப் பிறகாவது கம்பெனி என் பக்கம் நிற்கும் என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் என் மடமை. புது வண்டிகள் வரிசையாக நின்றன, ஓட்ட ஆள் போதவில்லை, ஆலையிலிருந்து கல் எங்கே கல் எங்கே என்று போன் வந்துகொண்டிருந்தது. ஒரு காலையில் மாப்பிள்ளை புது டிப்பரில் ஏறிப் போவதைப் பார்த்தேன். மேனேஜர் அறைக்குப் போனேன்.

“மறுபயிற்சி முடிஞ்சிருச்சு சார்” என்றார்.

“யாரு குடுத்தது?”

“நான்தான். ரூல்ல மேனேஜரும் குடுக்கலாம்னு இருக்கு.”

“எப்ப சார் குடுத்தீங்க?”

அவர் செல்போனை எடுத்துக் காட்டினார். வகுப்பறையில் போர்டுக்கு எதிரில் மாப்பிள்ளை கைகட்டி நிற்கிற போட்டோ. போர்டில் என் கையெழுத்துதான். ஏர் பிரேக் படம், நான் வரைந்தது, யாரும் அழிக்காமல் கிடந்தது.

“போட்டோ இருக்கு, கையெழுத்து இருக்கு. வேற என்ன சார் வேணும்? நீங்க ஏன் இவ்ளோ மனசுல எடுத்துக்கிறீங்க? சொந்தக்காரருதானே, முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்க அந்த மார்க்கே போட வேண்டியிருந்திருக்காது.”

சொந்தக்காரன் என்பதற்காக என்னை வேலைக்கு எடுத்தவர் அவர். எனக்கு வந்த ஆத்திரத்தில் ராஜினாமா எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அம்மாவின் முட்டிக்கு ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது.

அந்த மாதம் டீசல் பரிசும் அவருக்குத்தான். இந்தத் தடவை கிரைண்டர். மேடையில் மைக் பிடித்துப் பெயர் படிப்பது பயிற்சி அலுவலரின் வேலை. படித்தேன். கணீரென்றுதான் படித்தேன். அவர் மேனேஜரிடம் சால்வை வாங்கிக்கொண்டு, கிரைண்டர் பெட்டியோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, என்னைக் கடந்து இறங்கிப் போனார். கூட்டம் கைதட்டியது. கையில் மைக் இருந்ததால் நான் தட்ட முடியவில்லை.

வைகாசி வந்தது. காதுகுத்துப் பத்திரிகை அம்மாவின் செல்போனுக்குத்தான் வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, என்னிடம் நீட்டினாள். ‘தாய்மாமன்’ என்ற இடத்தில் ஒரு பெயர் இருந்தது. கடைசி பெஞ்சுத் தம்பியின் பெயர். சித்தப்பா மகன், முறைக்கு அவனும் மாமன்தான், யாரும் குறை சொல்ல முடியாது. கணக்குப் பார்த்துத்தான் செய்திருந்தார்கள்.

“நான் வரல. நீ மட்டும் போயிட்டு வா” என்றேன்.

“ஒன்னையும் வரச் சொல்லுன்னுதான் சொன்னா. கூப்புட்டும் போவாம இருந்தா அப்பறம் சாவுக்குத்தான் போவணும்” என்றாள் அம்மா. மனைவி வரவில்லை. தலைவலி என்றாள். தோட்டை மட்டும் பீரோவிலிருந்து எடுத்து என் சட்டைப் பையில் போட்டு, பையை ஒரு தட்டுத் தட்டினாள்.

மலை மேல் கூட்டம் அதிகமில்லை. பிள்ளைக்கு மொட்டை போட்டு சந்தனம் பூசியிருந்தார்கள். மாப்பிள்ளை அம்மாவைப் பார்த்து, “வாங்கத்தே” என்றார். எனக்கு ‘வாங்க’ இல்லை. நான் ஒரு தூண் பக்கம் நின்றுகொண்டேன். பிள்ளை என்னைப் பார்த்துவிட்டது. சந்தனத் தலையோடு ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டு, “மாமா, பேனா” என்றது. தூக்கினேன். பையில் கையை விட்டுத் தோட்டுப் பெட்டியை எடுத்து, இது என்ன என்று கேட்டது. அதற்குள் மாப்பிள்ளை வந்தார். பெட்டியைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கி என் பையில் வைத்தார். பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார். ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

தம்பி புது வேட்டி கட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். என்னை ஒரு தடவை பார்த்தான், அப்புறம் குனிந்துகொண்டான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. கூப்பிட்டார்கள், வந்து உட்கார்ந்தான். அவனுக்கு உட்காரத் தெரியும். பிள்ளையை அவன் மடியில் வைத்தார்கள். தங்கை பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆசாரி ஊசியை எடுத்தார். பிள்ளை “மாமா, மாமா” என்று கத்தியது. எல்லாரும், “மாமா மடியிலதான்டி இருக்க” என்று சொல்லிச் சிரித்தார்கள்.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது வெயில் கொளுத்தியது. பஸ்ஸுக்கு நேரமிருந்தது. அம்மாவின் முட்டியைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் அப்பாதான், “வேன்ல எடம் இருக்கு, ஏறுங்க. பெரம்பலூர்ல எறங்கிக்கலாம்” என்றார். மறுத்தால் அது ஒரு சண்டையாகும். ஏறினோம். கூட்டாளியிடம் இரவல் வாங்கிய வேன், மாப்பிள்ளைதான் ஓட்டினார். பக்கத்தில் தம்பி. நடுவில் தங்கை, அழுது களைத்துத் தூங்கின பிள்ளை அவள் மடியில். காதோரம் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. நானும் அம்மாவும் கடைசி சீட்டில்.

கொஞ்ச தூரத்தில் ரோடு நீளமாக இறங்குகிறது. இறக்கம் ஆரம்பித்ததும் எஞ்சின் சத்தம் சட்டென்று தணிந்தது. அந்தத் தணிவை எனக்குத் தெரியும். வேன் தானாக உருள ஆரம்பித்தது. தங்கையின் தோளுக்கு மேல் பிள்ளையின் சந்தனத் தலை தெரிந்தது. இந்த முறை என்ன ஆனாலும் சரி என்று வாயைத் திறந்தேன்.

“கியர்ல போடுங்க” என்றது குரல். என் குரல் இல்லை.

“என்னது?” என்றார் மாப்பிள்ளை.

“கியர்ல போடுங்க. மாட்ட அவுத்து வுட்டுட்டு ஓட்டாதீங்க. புள்ள இருக்கு.”

தங்கை திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். மாப்பிள்ளை கியரைப் போட்டார். எஞ்சின் முக்கிக்கொண்டு வண்டியைப் பிடித்தது. தம்பி முன்சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு எதுவும் விளங்கவில்லை. வேன் மெதுவாக இறங்கியது. வருஷக்கணக்கில் நான் படம் போட்டும், கெஞ்சியும், கையெழுத்துப் போட்டும் நடக்காதது அவள் ஒரு வார்த்தை சொன்னதும் நடந்துவிட்டது. நான் சொன்னால் அவமானம், அவள் சொன்னால் அக்கறை. அவள் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்திருந்தால் அதற்குக்கூட நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டு வாசலில் வேன் நின்றது. அம்மாவைக் கைபிடித்து இறக்கினேன். “போயிட்டு வரேன்” என்று பொதுவாகச் சொன்னேன். தங்கை பிள்ளையின் நெற்றியில் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. வேன் போய்விட்டது.

அன்று சோறு போட்டுக்கொண்டே கேட்டதை அவள் மறக்கவில்லை. மாட்டை அவிழ்த்து விடுகிற அந்தப் பேச்சைக்கூட வார்த்தை மாறாமல் வைத்திருந்தாள். நான் போட்ட மார்க் சரி என்று எங்கள் குடும்பத்திலேயே தெரிந்த ஒரே ஆள் அவள்தான். தெரிந்தேதான் பிள்ளையை அந்த மடியில் உட்கார வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள்.